பதினான்காம் நாள் ஈரத் துண்டு

ஈரத் துண்டு தலையணையின் மேல் கிடந்தது. அதுவும் அவளுடைய தலையணையின் மேல்.

“கொடின்னு ஒண்ணு இருக்கிறது உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?” படுக்கையறையிலிருந்து தம்பி மனைவியின் குரல் சீறியது.

“மறந்துட்டேன்,” என்றான் தம்பி, நாளிதழிலிருந்து தலையைத் தூக்காமல்.

சமையலறையில் அக்கா பல்லைக் கடித்துக்கொண்டாள்.

அவள் உதவிக்கென்று வந்து மூன்றாவது வாரம். தம்பி மனைவிக்கு நெடுநாளாக மனச்சோர்வு. மாத்திரைகள் கைகொடுக்கவில்லை. தலையோடு ஒரு காந்தச் சுருளை ஒட்டி வைத்து, டொக் டொக்கென்று துடிப்புகள் கொடுக்கும் சிகிச்சை இப்போது நடக்கிறது. வாரத்துக்கு ஐந்து நாள், மொத்தம் முப்பது நாள்.

பத்து நாள் வரை நன்றாகவே போயிற்று. பதினொன்றில் திடீரென்று சறுக்கல். குழாயைத் திறந்துவிட்டு நின்றபடியே அழுதாள். தலைவாரக் கை எழவில்லை.

“நடுவுல சிலருக்கு இப்படி ஒரு சரிவு வரும்,” என்றார் மருத்துவர். “பெரும்பாலும் சில நாள்ல தேறிடும். தினமும் எப்படி இருக்குன்னு மறைக்காம சொல்லுங்க. எங்ககிட்ட சொல்லாம நிறுத்திடாதீங்க.”

பதின்மூன்றாம் நாள் மாலை அவள் முடிவெடுத்துவிட்டாள்.

“போதும் அண்ணி. கோளாறு என்கிட்டதான். காந்தம் என்ன பண்ணும், பாவம். நாளையிலேருந்து நான் போகலை.”

வாசற்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான் தம்பி. உள்ளே போய்ப் பென்சில் சீவினான்.

அவன் பேருந்துப் பணிமனையில் கால அட்டவணை போடுகிறவன். எந்த வண்டி எந்த நிமிடம் எங்கே நிற்க வேண்டும் என்று எறும்பு வரிசையாய் எழுதித் தருகிறவன். ஊர் வண்டிக்கெல்லாம் இடம் சொல்லத் தெரிந்தவனுக்கு, ஒரு துண்டுக்கு இடம் தெரியவில்லை.

இந்தப் பதினான்காம் நாள் காலை, ‘போகலை’ என்று சொல்லியிருக்க வேண்டியவள், துண்டை உதறிக் கொடியில் போட்டாள். செருப்பை மாட்டினாள்.

“வாங்க அண்ணி. இந்த மனுஷன் முகத்தைப் பாத்துக்கிட்டு வீட்ல உக்காந்திருக்கிறதுக்கு, அந்த மரங்கொத்திகிட்டயே கொத்து வாங்கிக்கறேன்.”

சிகிச்சை நாற்காலியிலும் அவள் வாய் ஓயவில்லை.

“அசையாதீங்கக்கா, சுருள் நகருது,” என்றாள் இயந்திரத்தைப் பார்த்துக்கொள்ளும் பெண்.

“நானா அசையறேன்? அவர் அசைக்கிறார்.”

“சரி, இன்னிக்கு மனசு எப்படி? பத்துக்கு எத்தனை?”

“மனசு ரெண்டு. கோபம் ஒன்பது.”

அந்தப் பெண் இரண்டையும் எழுதிக்கொண்டாள்.

பதினைந்தாம் நாள் தேநீரில் சர்க்கரைக்குப் பதில் உப்பு. பதினாறாம் நாள், கிளம்பும் நேரத்தில் வீட்டுச் சாவி காணாமல் போயிற்று. பதினேழாம் நாள் புதுச் சோப்பு வாளித் தண்ணீரில் கூழாகிக் கிடந்தது. ஒவ்வொரு காலையும் சண்டை வாசல்வரை வந்து, தெருமுனை தாண்டி, சிகிச்சை அறையில்தான் அடங்கியது.

பதினெட்டாம் நாள், மாலை ஆறு நாற்பதுக்கு, அக்காவின் பொறுமை அறுந்தது.

“ஏன்டா, முடியாம கிடக்கிறவளை இப்படியா படுத்தி எடுப்பே? போன வாரமெல்லாம் தன்னைத்தானே திட்டிக்கிட்டு அழுதா. இப்ப அதுக்குக்கூட அவளுக்கு நேரமில்லை. பொழுதன்னிக்கும் உன்னைத் திட்டவே சரியா இருக்கு. உன்னை என் தம்பின்னு வெளியில சொல்லிக்க முடியுமா?”

“சரிக்கா,” என்றான் தம்பி, தலை குனிந்தபடி. பிறகு சுவர்க் கடிகாரத்தை ஒரு பார்வை பார்த்தான்.

“திட்டும்போது மணி வேற பாக்கிறியா?”

இருபதாம் நாள் காலை தம்பி மனைவி முதல் ஆளாக எழுந்தாள். தலை வாரிப் பின்னிக்கொண்டாள். சிகிச்சை அறையில், “மனசு ஆறு,” என்றாள். கோபத்தைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. மறுநாள் துண்டு, யாரும் சொல்லாமலே கொடியில் தொங்கியது.

அக்காவுக்குப் பெருமை பிடிபடவில்லை. தன் கணவரைத் தொலைபேசியில் கூப்பிட்டாள்.

“எல்லாம் நான் போட்ட ஒரு போடுதான். பய பெட்டிப் பாம்பா அடங்கிட்டான்.”

பேசியபடியே துவைப்பதற்குத் துணி பிரித்தாள். தம்பியின் சட்டைப் பையில் நான்காய் மடித்த ஒரு தாள். கோடு போட்டு, கட்டம் கட்டி, எறும்பு வரிசை எழுத்து.

தலைப்பு: ‘மாற்றுப் பாதை. அவள் கோபம் அவள் மேல் போகாமல், என் வழியாக.’

கீழே வரிசையாக: ‘14, காலை 6.50, ஈரத் துண்டு. 15, காலை 7.05, தேநீரில் உப்பு. 16, காலை 7.40, சாவி (என் சட்டைப் பையில்). 17, காலை 6.30, சோப்பு. 18, மாலை 6.30, அக்கா வெடிப்பாள்.’

“என்ன, சத்தத்தையே காணோம்?” என்றார் கணவர் மறுமுனையில்.

“அப்புறம் பேசறேன்.”

தாளின் ஓரத்தில் சிவப்பு மையில் வேறொரு கையெழுத்து இருந்தது. தம்பி மனைவி வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடையில் வில்லைகளின் கீறலைச் சுழித்துக் காட்ட அவள் வைத்திருக்கும் பேனா.

பதினாறுக்கு எதிரே: ‘சாவி தேடும்போதே இந்தத் தாளைப் பார்த்துவிட்டேன்.’

பதினேழுக்கு எதிரே: ‘இன்று எழவே மனமில்லை. பாவம், புதுச் சோப்பை ஊறப்போட்டுவிட்டுக் காத்திருப்பாரே என்று எழுந்து வந்து திட்டினேன்.’

பதினெட்டுக்கு எதிரே: ‘அண்ணி பத்து நிமிடம் தாமதம்.’