பொறுத்துக்கிறவர்

"எனக்கென்ன அவசரம்? நீங்க முதல்ல போங்க சார்."

பல் ஆஸ்பத்திரியில் கன்னத்தைக் கைக்குட்டையால் கட்டியிருந்த அந்தக் கண்ணாடிக்காரர், மறுபடியும் தன் முறையை விட்டுக்கொடுத்தார். பக்கத்தில் காக்கி யூனிஃபார்மோடு காத்திருந்த பஸ் கண்டக்டரம்மாவுக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. ஜன்னலோர இருக்கைக்கே அடித்துக்கொள்ளும் மனிதர்களைத்தான் அவள் பார்த்திருக்கிறாள்.

அவளுக்கோ கடைவாய்ப்பல் வலியில் உயிர் போனது. குரல்தான் பிழைப்பு. நேற்று ஸ்டாப் பெயரைக் கத்த முடியாமல் போக, இறங்கத் தவறியவர்கள் எல்லோரும் அவளைத் திட்டித் தீர்த்துவிட்டார்கள்.

"பேஷன்ட்டெல்லாம் கொஞ்சம் பேஷன்ஸோட இருங்க!" என்றாள் நர்ஸ்.

"ரெண்டும் ஒரே வார்த்தைதான், தெரியுமாம்மா?" என்றார் கண்ணாடிக்காரர். "லத்தீன்ல இருந்து வந்தது. பேஷன்ட்னா பொறுத்துக்கிறவன்."

"இதையா பொறுக்கிறது? எதிர்ல எவனாவது பல்லைக் காட்டினா அறையலாம்னு வருது சார். நான் பொறுத்துக்கிறவ இல்ல, அவதிப்படுறவ."

"அட, அவதிப்படுறதுக்கும் லத்தீன்ல அதே வேர்தாம்மா! நம்ம தமிழ்தான் ஒசத்தி. நோயாளி! நோயையே ஆளுறவன்!"

"எங்க ஆளுறது? அதுதானே என்னை ஆளுது!"

அவர் வாய்விட்டுச் சிரித்தார். சிரித்த வேகத்தில், "ஆ!" என்று கன்னத்தைப் பிடித்துக்கொண்டார்.

"சார், அடுத்தது நீங்க" என்றாள் நர்ஸ்.

"இவங்க போகட்டும். பாவம், பேச்சை வச்சுப் பிழைக்கிறவங்க."

கண்டக்டரம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. இவ்வளவு வலியிலும் இப்படி ஒரு மனசா!

உள்ளே இளம் டாக்டரம்மா பூப்போலப் பல்லை எடுத்துவிட்டாள். வாயில் பஞ்சோடு வெளியே வந்த கண்டக்டரம்மா, அந்த மகானைக் கையெடுத்துக் கும்பிடத் தேடினாள். அவரைத் தவிர அங்கே யாரும் பாக்கியில்லை. அவரோ செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு, பூனைபோல் வாசல் பக்கம் நழுவிக்கொண்டிருந்தார்.

நர்ஸ் ஓடிப்போய்க் கதவை மறித்தாள்.

"எங்க கிளம்பிட்டீங்க? விட்டுக்கொடுக்க இனி ஆளே இல்ல. உள்ள உங்க பொண்ணு ஊசியோட நிக்கிறாங்க. இத்தனை வருஷமா இதே ரூம்ல ஊர்ப் பல்லையெல்லாம் பிடுங்கினீங்களே, உங்க பல்லுன்னதும் ஏன் டாக்டர் இப்படி நடுங்குறீங்க?"