லண்டனுக்கு ஒன்றரை நாள்

முப்பத்தேழு ரூபாய் பதினோரு அணா. அத்தனை பாக்கிக்கும் இன்று பதில் இல்லையென்றால் பித்தளை அண்டாவைத் தூக்கிப் போவேன் என்று போன வாரமே சொல்லியிருந்தார் ராயபுரம் மளிகைக்கடை ராமசுப்பு அண்ணாச்சி. இப்போது பாக்கி நோட்டோடு மாரியப்பன் வீட்டுக்குள் வந்து, கதவையும் சாத்திக்கொண்டார்.

மங்கை அண்டாவை மறைத்து நின்றாள். "எங்கூட்டுக்காரரு இல்ல அண்ணாச்சி. ஏரோப்ளேன்ல லண்டனுக்குப் போய்க்கீறாரு."

"ஆர்பர்ல மூட்டை தூக்குதவனா?"

"தொர ஊருக்குப் போறாரே, பொட்டி தூக்க ஆளு வாணாவா?"

அண்ணாச்சி சிரிக்கவில்லை. காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்தார். "மீனம்பாக்கத்துலேருந்து லண்டன் எத்தனை மைலு?"

"அது கீதுபா, நாப்பதாயிரம் மைலு."

"அஞ்சாயிரந்தாண்டி!" என்றது பரண்.

வேர்க்கடலை மடித்து வந்த பேப்பரில் மாரியப்பன் படித்த சங்கதி அது. நாற்பது வயதில் எழுத்துக் கூட்டக் கற்றவனுக்குத் தப்புக் கணக்கு பொறுக்கவில்லை.

மங்கை பரணைப் பார்த்து முறைத்தாள். அண்ணாச்சியோ தலையைத் தூக்காமல் 'ஐயாயிரம்' என்று எழுதிக்கொண்டார்.

"போய்ச் சேர எம்புட்டு நேரம் ஆவும்?"

மங்கை வாயைத் திறப்பதற்குள், "ஒன்ற நாளு," என்றது பரண். "பம்பாய், கராச்சி, கெய்ரோன்னு நின்னு நின்னு போவும்."

"போக ஒண்ணரை, வர ஒண்ணரை. மூணே நாளா?" அண்ணாச்சியின் முகம் வாடியது. "பத்தாதே!"

"தொர வுடணும் இல்ல? ஒரு மாசம் ஆவும் அண்ணாச்சி," என்றாள் மங்கை அவசரமாக.

முகம் தெளிந்தது. "நடுவழியில எவனும் ஏறிப் புடிச்சிர முடியாதுல்லா?"

"ஆகாசத்துல எப்டிப் புடிப்பான்?"

"சோறு?"

"ரெண்டு வேளையும் நாந்தான் குடுக்கறேன்," என்றவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

அண்ணாச்சி அதற்கும் தலையை ஆட்டினார்.

தெருமுனையில் ஒரு ஜட்கா வந்து நிற்கும் சத்தம் கேட்டது. அவர் கதவிடுக்கில் கண்ணை வைத்துப் பார்த்தார். மறு நிமிடம் நோட்டிலிருந்து மாரியப்பன் பேர் இருந்த தாளைக் கிழித்து எரிகிற அடுப்பில் போட்டார்.

"அண்ணாச்சி, இன்னா இது? பாக்கி?"

"தீந்து போச்சும்மா."

செருப்பைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, டிரங்குப் பெட்டிமேல் ஏறி, பரணில் ஒரு காலைப் போட்டார்.

"மூவாயிரம் பாக்கி கேட்டு மண்டிக்காரரு வந்துட்டாரு. தள்ளிப் படுலே, மாரியப்பா!"