தவளைக்கு வந்த யோகம்

பட்டாளத்துக்காரர்கள் பீரங்கி சுட்டுப் பழகுகிற பொட்டலில், எப்போதோ குண்டு விழுந்த பள்ளம் ஒன்றில் மழைத்தண்ணீர் தேங்கியிருந்தது. அதில் ஒரு தவளை பிள்ளைகுட்டிகளோடு சௌக்கியமாக இருந்தது. சுடுவதற்கு முன்னால் சைரன் ஊதுவார்கள். உடனே தவளை வீட்டார் எல்லோரும் தண்ணீருக்கடியில் பதுங்கிக்கொள்வார்கள். சத்தம் ஓய்ந்ததும் மேலே வந்து, விட்ட பாட்டைத் தொடருவார்கள்.

ஒருநாள் சைரன் ஊதாமலே லாரிகள் வந்தன. பக்கத்தில் குடியிருந்த ஆள்காட்டிக் குருவி பறந்து போய் விசாரித்துவிட்டு வந்தது.

"உனக்கு யோகம்தான் அண்ணே! சுற்றுச்சூழல் வாரமாம். குண்டு போட்டுக் கெடுத்த நிலத்தைச் சரிபண்ண வந்திருக்காங்க. தவளைங்களையெல்லாம் காப்பாத்தப் போறாங்களாம்."

"யார்கிட்டேயிருந்து?" என்று கேட்டது தவளை.

குருவி யோசிப்பதற்குள் முதல் லாரி மண்ணைக் கொட்டிவிட்டது. தவளை மட்டும் எப்படியோ துள்ளி வெளியே வந்து விழுந்தது. தலைப்பிரட்டைகள் அடியிலேயே போய்விட்டன. மூடிய பள்ளத்தின் மேல் ஒரு மரக்கன்றை நட்டார்கள். பெரிய அதிகாரி அதற்கு ஒரு சொம்பு தண்ணீர் ஊற்ற, எல்லோரும் கைதட்டினார்கள். 'தவளைகள் வாழுமிடம், தொந்தரவு செய்யாதீர்' என்று பலகை நட்டு, அதன் பக்கத்தில் நின்று படமும் எடுத்துக்கொண்டார்கள்.

அடுத்த வாரம் தூரத்தில் ஏதோ இரைந்தது. பலகை நிழலில் தோல் காய்ந்து கிடந்த தவளை நடுங்கிப்போனது.

"என்ன சத்தம் அது? லாரியா?"

"சைரன் அண்ணே! பீரங்கி சுடப் போறாங்க, ஓடு!"

"அப்பாடா," என்று தவளை மூச்சு விட்டது. "மறுபடியும் காப்பாத்த வந்துட்டாங்களோன்னு பயந்தே போயிட்டேன்."