சாமியப்பன் ஜெயித்த ஆட்டம்

“நான் தோத்துட்டா இன்னிக்கே ஆசுபத்திரிக்கு வர்றனுங்க. ஜெயிச்சுட்டா, அந்தப் பேச்சையே விட்டறோணும்” என்று சொல்லிவிட்டு, சாமியப்பன் வெள்ளைக் காய்களைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

எதிரே இருந்த சண்முகப்பிரியா செஸ் கிராண்ட்மாஸ்டர். மகள் சித்ராதேவியின் சிநேகிதி. செஸ்ஸில் தன்னை ஜெயிக்கிற ஆள் சொன்னால்தான் ஆஸ்பத்திரி என்று போன வாரம் வாய்விட்டு மாட்டிக்கொண்டார் மனிதர். பெருமாநல்லூர் வட்டாரத்தில் அப்படி ஓர் ஆள் இல்லை என்ற தைரியம்தான். மகள் கோயமுத்தூருக்குப் போய்ப் பிடித்து வந்துவிட்டாள்.

தனக்கு ஒன்றுமில்லை என்பதில் அவருக்குச் சந்தேகமே கிடையாது. தன் கம்பெனிக்கு வந்த 15,000 பனியன் ஆர்டரை 5,000 என்று வாசித்துக் கட்டிங்குக்கு அனுப்பியது, ஆபீசில் பொடி எழுத்தில் அச்சடித்ததால். காரின் இடது பக்கம் மூன்று முறை உரசியது, கம்பெனி வேன்காரர்களுக்கு ஓட்டத் தெரியாததால். இதையெல்லாம் முடிச்சுப் போட்டு மகள்தான் பயப்படுகிறாள். உண்மையில் ஆஸ்பத்திரி என்றால் அவருக்கும் உள்ளூரப் பயம். அதை வெளியே சொன்னதில்லை.

முதல் கால்மணி நேரம் வியர்த்தது. பிறகு ஒரு குதிரை கிடைத்தது, ஒரு யானை கிடைத்தது. சண்முகப்பிரியா காய்களைவிட அவர் முகத்தைத்தான் அதிகம் பார்த்தாள். நாற்பதாவது நிமிஷம் அவர் “செக்மேட்” என்றார்.

“கிராண்ட்மாஸ்டர்னு சொன்னாங்களே, அம்மிணி?”

சித்ராதேவியின் முகம் தொங்கிப்போனது. சண்முகப்பிரியா சிரிக்கவில்லை.

“ஜெயிச்சுட்டீங்கப்பா. ஆனா என் ராணியை ஆறு மூவா உங்க சிப்பாய் வெட்டற கட்டத்துலயே நிறுத்தி வெச்சிருந்தனே, ஏனுங்க வெட்டலை?”

“ராணியா? அதைத்தான் அப்பவே வெட்டிட்டனே” என்று சாமியப்பன் தான் வெட்டிய காய்களைத் துழாவினார். குதிரை இருந்தது, யானை இருந்தது. ராணி இல்லை.

அவள் காய் எதையும் நகர்த்தாமல் பலகையை மட்டும் அரைவட்டம் திருப்பினாள். அதுவரை அவருடைய இடது கைப் பக்கம் நின்றிருந்த கருப்பு ராணி, வலது கைப் பக்கம் வந்து நின்றது. இப்போதுதான் அதைப் பார்த்தார்.

“இடது பக்கம் இருக்கறதை மூளை உங்களுக்குச் சொல்றதில்லீங்கப்பா. நான் நரம்பு டாக்டருங்க” என்று சண்முகப்பிரியா கையை நீட்டினாள். “கார் சாவியைக் குடுங்க, நான் ஓட்டறேன்.”