தேதி போடாத பேனர்

அல்லிநகரத்தில் பேனர் அடித்துக் கொடுக்கும் கடையில் எனக்கு டிசைன் வேலை. ஆர்டர் இல்லாத நேரத்தில் அதே கம்ப்யூட்டரில் என் முதல் நாவலை எழுதுகிறேன். ஒரு நாள் ஓடும், பத்து நாள் படுத்துக்கொள்ளும். எழுதாத நாளில் சோறு இறங்காது, யாரைப் பார்த்தாலும் எரிந்து விழுவேன். கதையில் வரும் ஜீப் டிரைவர் மாயழகு கடைசியில் சாக வேண்டும். ஆடி மாசத்திலிருந்து சாகடிக்கிறேன், மனசு கேட்காமல் எழுதியதை அழிக்கிறேன். நாவலை இன்னும் யாரிடமும் காட்டவில்லை.

இன்று மத்தியானம் ஒரு அம்மா கண்ணீர் அஞ்சலி பேனர் கேட்டு வந்தார். பெயர் கேட்டேன்.

"எங்க வீட்டுக்காரரு, மாயழகு. ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏத்திட்டுப் போற ஜீப்பு டிரைவரு."

போட்டோவைக் கொடுத்தார். இடது புருவத்தில் நான் எழுதிய அதே வெட்டுத் தழும்பு. படத்தைப் பேனரில் வைத்தேன், பெயரை அடித்தேன்.

"இறந்த தேதி சொல்லுங்கம்மா."

அவர் என் நாற்காலிக்குப் பக்கத்தில் வந்து நின்று ஸ்கிரீனைப் பார்த்தார்.

"அத நீதான் ஆத்தா சொல்லணும். ஆடியிலருந்து சாகவும் முடியாம, எந்திரிக்கவும் முடியாம அவுக இழுத்துக்கிட்டுக் கெடக்காக. வெளிய ஜீப்புலதான் படுக்கவச்சிருக்கேன்."