நெஞ்சில் வைத்த காது

"அம்மா, உன் நெஞ்சு நொண்டுது," என்றது மார்பில் தொங்கிய வௌவால் குட்டி.

பனையில் கட்டியிருந்த கலயத்துக் கள்ளை வயிறு முட்டக் குடித்துவிட்டு அப்போதுதான் திரும்பியிருந்தது தாய். நெஞ்சு நாலு முறை ஓடி அடிப்பதும் ஒரு முறை தவறுவதும் அதற்கே கேட்டது.

"ரொம்ப தூரம் பறந்தேன், கண்ணு. அதான்."

"எதிர்த்த பனை அவ்வளவு தூரமாடி?" என்றது பக்கத்தில் தொங்கிய பெரியம்மா.

தாய் வாயோரத்து நுரையை அவசரமாகச் சிறகில் துடைத்தது. "இன்னிக்கு ஒரு நாள்தான். தூங்கு."

"நேத்தும் இதையேதான் சொன்னே. அடுத்த அடி வருமா வராதான்னு காத்துக்கிட்டே இருந்தா எப்படித் தூங்கறது?" என்றது குட்டி.

பெரியம்மா சிறகை விரித்தது. குட்டி மெல்ல நகர்ந்து அதன் மார்பில் காதை வைத்தது; சற்று நேரத்தில் தூங்கிப்போனது.

தாய் தன் வெறும் மார்பைச் சிறகால் மூடிக்கொண்டது.