எமல்டாவின் கடைசி மூன்று பாட்டில்

கிறிஸ்துமஸ் காலையில் அவர் ஒயின் பாட்டிலை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

நிறம் போகவில்லை. அடியில் கொஞ்சம் மண்டி. அது எப்போதும் இருக்கும்தான்.

மூடியைச் சுற்றி மனைவி எமல்டா உருக்கி ஊற்றிய மெழுகு. எரிந்து மிஞ்சிய மெழுகுவர்த்தித் துண்டுகளை வருஷமெல்லாம் சேர்த்து வைப்பாள், இதற்கென்றே. உடைக்க மனம் வரவில்லை.

உடைத்தார். மூக்கருகே கொண்டுபோனார்.

ஒன்றும் இல்லை.

எப்படி இருக்கும்? அவள் செத்த வருஷமே அவருக்கு ஒரு காய்ச்சல் வந்தது. போகும்போது மூக்கையும் நாக்கையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. திரும்ப வரும் என்றார் டாக்டர். வரவில்லை. ரசமும் வெந்நீரும் அவருக்கு இப்போது ஒன்றுதான்.

ஒரு வாய் குடித்தார். தொண்டையில் லேசாக எரிந்தது. நல்ல ஒயினும் எரியும். கெட்டுப்போனதும் எரியும்.

பழசாகப் பழசாக ருசி என்பார்கள். அதெல்லாம் கம்பெனிச் சரக்குக்கு. கறுப்புத் திராட்சையும் சீனியும் ஒரு பிடி கோதுமையும் போட்டுப் பரணியில் ஊறவைத்து, கட்டிலுக்கடியில் தள்ளி வைத்ததற்கு யார் ஜாமீன் நிற்பது?

அவள் இருந்தபோது முதல் வாய் அவருக்குத்தான். உங்க நாக்கு நல்ல நாக்கு, வாய்தான் மோசம் என்று சிரிப்பாள்.

கிறிஸ்துமஸ் பூசை முடிந்து வருகிறவர்களுக்கு அந்தத் தெருவில் வீட்டுக்கு வீடு ஒரு துண்டு கேக்கும் சின்னக் கிளாசில் ஒயினும் உண்டு. எமல்டாவின் ஒயினுக்கு மட்டும் வெட்கத்தை விட்டு இரண்டாவது கிளாஸ் கேட்பார்கள்.

அவள் போனபின் பெருநாளுக்கு அவர் கேட்டைத் திறக்கவில்லை. இந்த வருஷம் திறக்க வேண்டும் போல இருந்தது. அவளுடைய ஒயின் இல்லாமல் திறந்து என்ன செய்ய? அவள் கையால் செய்ததில் மிச்சம் இந்த மூன்று பாட்டில்.

கெட்டிருந்தால்?

ஆயுசில் ஒரு நாள்கூட உப்புக் கூடாமல், குறையாமல் சமைத்தவள். செத்தபிறகு அவளுக்குக் கெட்ட பெயர் வாங்கிக் கொடுப்பதா? பேசாமல் வாழை மரத்து மூட்டில் ஊற்றிவிட்டு, கேட்டைப் பூட்டிக்கொண்டு படுக்கலாம்.

எதிர்வீட்டுத் தார்சியுஸைக் கூப்பிட்டார்.

தார்சியுஸுக்கு எதையும் முகத்துக்கு நேரே சொல்லித்தான் பழக்கம். எமல்டாவை அடக்கம் செய்துவிட்டு வந்து குடித்த காப்பியில் சுக்கு தூக்கல் என்று சொன்ன மனுஷன். கல்யாணப் பந்தியில் அவன் பக்கத்தில் உட்கார ஆள் கிடைக்காது. ஆனால் இந்தக் காரியத்துக்கு அவனை விட்டால் ஆள் இல்லை.

தார்சியுஸ் ஒரு வாய் குடித்தான். கண்ணை மூடினான். கொஞ்ச நேரம் மூடியபடியே இருந்தான். பிறகு மிச்சத்தை ஒரே மடக்கில் முடித்தான்.

“கொள்ளாம் அண்ணே. மைனி கைப்பக்குவம் அப்படியே இருக்கு.”

அவருக்குக் கண் நிறைந்துவிட்டது. தார்சியுஸ் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டால் அதற்கு மேல் அப்பீல் கிடையாது.

கேட்டைத் திறந்து வைத்தார்.

தார்சியுஸ் தன் வீட்டுக்குப் போகாமல் பக்கத்து வீட்டுக்குள் நுழைவதைப் பார்த்தார். அங்கிருந்து அடுத்த வீடு. அதற்கடுத்த வீடு. யார் வீட்டுப் படியும் ஏறாதவன். பெருநாள் ஆளையே மாற்றிவிடுகிறது என்று நினைத்துக்கொண்டார்.

தெருவே வந்தது.

ஒருவரும் கிளாசில் ஒரு சொட்டு மிச்சம் வைக்கவில்லை. எமல்டா கைப்பக்குவம் அப்படியே இருக்கிறது என்றார்கள், ஒருவர் விடாமல். இரண்டாவது கிளாஸ் மட்டும் யாரும் கேட்கவில்லை. எல்லாருக்கும் வயசாகிவிட்டது, சர்க்கரை இருக்கும்.

சாயங்காலம் தார்சியுஸின் மனைவி பியாற்றிஸ் வந்து கிளாஸ்களைக் கழுவிக் கொடுத்தாள். கடைசிப் பாட்டில் முக்கால்வாசி மேசையில் நின்றது. ஒரு சாமான் வீணாவதைப் பொறுக்காதவள் அவள்.

“மிச்சத்தைக் கொட்டிராதீங்க அண்ணே. சூரை மீன் வாங்கி வச்சிருக்கேன். ஊறுகாய்க்கு வினிகர் தனியா வாங்காண்டாம்லா...”

நாக்கைக் கடித்துக்கொண்டாள். முந்தானை வாய்க்குப் போயிற்று.

அவர் பாட்டிலைப் பார்த்தார்.

பிறகு தெருவைப் பார்த்தார். அந்த வீடு. அதற்கடுத்த வீடு. காலையில் தார்சியுஸ் படியேறிய ஒவ்வொரு வீடும்.

வந்த முகங்களை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தார். ஒன்றாவது சுளித்ததா?

இல்லை. ஒன்றுகூட இல்லை.

நல்லா இருக்கட்டும், எல்லாரும் நல்லா இருக்கட்டும் என்று நெஞ்சு நிறைய நினைத்தார்.

பியாற்றிஸுக்கு முகத்தைத் தூக்க முடியவில்லை. பாட்டிலை அவள் கையில் கொடுத்து, மீன் கெட்டுப்போகும் முன் போய் வேலையைப் பார் என்றார்.

புதுவருஷத்தன்று ஊறுகாய் வந்தது. தார்சியுஸே கொண்டுவந்தான். கொடுத்துவிட்டுப் போகாமல் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். பியாற்றிஸ் சொல்லியிருப்பாள்.

அவர் ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டார். மென்றார். கண்ணை மூடினார். கொஞ்ச நேரம் மூடியபடியே இருந்தார்.

உப்பா, உறைப்பா, புளிப்பா, ஒன்றும் தெரியவில்லை.

“கொள்ளாம் தம்பி,” என்றார். “எமல்டா கைப்பக்குவம் அப்படியே இருக்கு.”

தார்சியுஸ் நிமிர்ந்து பார்த்தான். பிறகு தானும் ஒரு துண்டை எடுத்துப் போட்டுக்கொண்டு, உப்பு கூடிப்போச்சு என்று முணுமுணுத்தான்.

அவர் இரண்டாவது துண்டு கேட்டார்.